திருமணத்திற்கு ஓர் ஆலயம் தேடி

பெரியோர் கூடிப் பெண்ணையும் பிள்ளையையும் பேசி முடித்த பின்னர் நம் குடும்பங்களில் அடுத்து எழுகின்ற கேள்வி, "திருமணம் எந்தக் கோவிலில்?" என்பதாகும். முன்னாளில் இக்கேள்விக்கு அதிக இடம் இருந்ததில்லை. பெண் வீட்டார் பங்கு, அல்லது பிள்ளை வீட்டார் பங்கு; இரண்டில் எது என்பதை ஊர் வழக்கமே சொல்லிவிடும். இன்றோ பெண் ஓர் ஊரில் பிறந்து, மற்றோர் ஊரில் படித்து, வேறோர் ஊரில் வேலை பார்க்கிறாள். பிள்ளையும் அவ்வாறே. எல்லா ஊரிலும் கோவில் உண்டு; எல்லாக் கோவிலுக்கும் பேருந்து உண்டு. ஆகவே வழக்கம் வாய் மூடிக்கொள்ள, மணமக்களே முடிவு செய்ய வேண்டியதாகிறது.

எங்கள் பங்கு, திருச்சிராப்பள்ளிக்கு வடகிழக்கே கொள்ளிடக் கரையை அடுத்த ஒரு சிற்றூர். இங்கே பிறந்து வளர்ந்து திருச்சியில் செவிலியாகப் பணியாற்றும் ஒரு பெண்ணுக்கும், தூத்துக்குடியில் பிறந்து சென்னையில் பொறியாளராக இருக்கும் ஓர் இளைஞருக்கும் சென்ற ஆண்டு திருமணம் நிச்சயமாயிற்று. இருவரும் என்னிடம் வந்தபோது ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஐந்து பெயர்களை எழுதிக்கொண்டு வந்தனர்: சாந்தோம், பரங்கிமலை, வேளாங்கண்ணி, தூத்துக்குடி, எங்கள் ஊர். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒருவர் நின்றார். சாந்தோம் இளைஞரின் விருப்பம். பரங்கிமலை பெண்ணின் ஆசை. வேளாங்கண்ணி இளைஞருடைய தாயாரின் நேர்ச்சை. தூத்துக்குடி அவருடைய சித்தப்பாவின் பிடிவாதம். எங்கள் ஊர், எண்பது வயதைக் கடந்து கண் மங்கிப்போன பெண்ணின் அப்பாயி வாய் திறந்து கேளாத வேண்டுதல்.

திருச்சபைச் சட்டம் இதில் என்ன சொல்கிறது என்று முதலில் கேட்டனர். திருமணத்தின் இடம்பற்றித் திருச்சபை கவலைப்படுவதற்கு நெடிய காரணம் உண்டு. ஒரு காலத்தில் ஐரோப்பாவில் சாட்சிகளின்றி மறைவாக வாக்களித்து மணந்துகொண்டு, பின்னர் ஒருவர் மறுத்துவிட, பெண்கள் பலர் வழியின்றி நின்றனர். அதனைத் தடுக்கவே திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563-ஆம் ஆண்டில், பங்குக் குருவின் முன்னிலையிலும் சாட்சிகளின் முன்னிலையிலுமே திருமணம் நடைபெறவேண்டும் என்று விதித்தது. இன்று நடைமுறையில் உள்ள 1983-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பும் அதே வழியில் செல்கிறது. மணமக்களுள் ஒருவர் குடியிருக்கும் பங்கில், அல்லது ஒரு மாதமேனும் தங்கியிருக்கும் பங்கில் திருமணம் நடைபெறும். தம் ஆயர் அல்லது பங்குக் குருவின் அனுமதி பெற்று வேறிடத்திலும் நடத்தலாம். கத்தோலிக்கர் இருவரின் திருமணம் பங்குக் கோவிலில் நடைபெறுவதே முறை; வேறு கோவிலுக்கு அனுமதி வேண்டும். கோவில் அல்லாத இடமாயின் தலத்து ஆயரின் அனுமதி வேண்டும். கடற்கரை விடுதியில் பந்தலிட்டு மணமுடிக்க விரும்பும் பிள்ளைகள் இதனை அறிந்துகொள்வது நலம்; பங்குக் குரு தாமாகவே தரக்கூடிய அனுமதி அன்று அது.

எனவே ஐந்தில் எதற்கும் கதவு அடைபட்டிருக்கவில்லை. பார்த்து முடிவு செய்வோம் என்றனர். எனக்குச் சென்னையில் ஓர் அலுவல் இருந்தது. அவர்களும், துணைக்குப் பெண்ணின் அத்தையும் உடன் வர, நால்வராகப் புறப்பட்டோம்.

சாந்தோம் பேராலயத்தைத் தொலைவிலிருந்து காணும்போதே கண் நிறைந்துவிடும். புனித தோமையாரின் கல்லறைமீது போர்த்துக்கீசியர் எழுப்பிய பழைய கோவில் 1893-இல் அகற்றப்பட்டு, இன்று நாம் காணும் வெண்ணிறக் கோத்திக் ஆலயம் எழுந்து, 1896-இல் அபிடேகம் செய்யப்பெற்றது. 1956-இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அதனைப் பசிலிக்காவாக உயர்த்தினார். 1986 பெப்ருவரியில் இரண்டாம் யோவான் பவுல் இங்கு வந்து செபித்தார். கல்லறைச் சிற்றாலயத்தில் நாங்கள் நால்வரும் சற்று நேரம் முழந்தாளிட்டிருந்தோம். இளைஞரின் முகத்தில் பெருமிதம் தெரிந்தது. சென்னைக்கு வந்த நாள்முதல் அவர் ஞாயிறுதோறும் திருப்பலி காணும் இடம் அது. அவருக்கு அதன்மீது உரிமையும் உண்டு, அன்பும் உண்டு.

வெளியே வந்து மர நிழலில் அமர்ந்து கணக்குப் பார்த்தோம். நகரத்தில் திருமணங்கள் பெரும்பாலும் மாலையிலேயே. (1872-ஆம் ஆண்டின் இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் காலை 6 மணிமுதல் மாலை 7 மணிவரை என்று நேரம் வகுத்திருக்கிறது, இரவில் நடத்தக் கத்தோலிக்கக் குருவுக்கு ஆயரின் உத்தரவு தேவை.) திருப்பலி முடிந்தபின் விருந்துக்கு ஒரு மண்டபம். அதற்கு வாடகை, முன்பணம். இலை ஒன்றுக்கு இவ்வளவு என்று சமையல்காரரின் கணக்கு. எங்கள் ஊரிலிருந்து சென்னைக்கு 330 கிலோமீட்டர் அளவு. ஊரார் வந்து செல்ல வாடகைப் பேருந்து. இரவு தங்க அறைகள். இளைஞர் எழுதிக்கொண்டே வந்தார். பெண் ஒன்றும் பேசாமல் இருந்தாள். பின்னர் மெல்லச் சொன்னாள்: "அப்பா ஒரு ஏக்கரை அடமானம் வைக்கப் பேசிவிட்டார், ஃபாதர். எனக்குத் தெரியக்கூடாது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்." இளைஞரின் எழுதுகோல் நின்றுவிட்டது. அந்தச் செய்தி அவருக்குப் புதிது.

அன்று மாலையே பரங்கிமலைக்குச் சென்றோம். 300 அடி உயரமுள்ள குன்று. அதன் உச்சியில் 1523-இல் எழுப்பப்பட்ட அன்னையின் கோவில். பீடத்தில் பகலவி எழுத்துகள் பொறித்த பழைய கற்சிலுவை. மேலேறும் படிகளை அமைத்துத் தந்தவர் பேத்ருஸ் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். 1726-இல் அடையாற்றின் குறுக்கே பாலம் கட்டித் தந்தவரும் அவரே. மேலிருந்து பார்த்தால் ஒரு புறம் நகரம், மறு புறம் வானூர்தி நிலையம். பெண்ணுக்கு அவ்விடம் மிகவும் பிடித்திருந்தது. பள்ளிப் பருவத்தில் சுற்றுலா வந்து, அந்தச் சிறிய கோவிலில் தனியே அமர்ந்து செபித்தது முதல் அவள் மனத்தில் இருந்த ஆசை அது.

அத்தை பாதிப் படியில் அமர்ந்துவிட்டார். மூச்சு வாங்கியபடி, "சாமி, என்னாலேயே முடியவில்லை. எங்கள் அம்மா எப்படி ஏறுவார்கள்?" என்றார். வண்டி செல்லப் பின்புறம் சாலை உண்டு என்று இளைஞர் சொன்னார். "மலைக்குச் சாலை இருக்கிறது தம்பி. எங்கள் ஊரிலிருந்து மலைவரை அம்மா எப்படி வருவது?" என்றார் அத்தை. அதற்கு மறுமொழி இல்லை.

அன்றிரவு இரயிலில் திரும்பும்போது பெண் அந்த நோட்டுப் புத்தகத்தை வாங்கினாள். அதில் 'எத்தனை பேர் வருவார்கள்?' என்று தலைப்பிட்ட ஒரு பத்தி இருந்தது. அதனை அடித்துவிட்டு, 'யார் யார் வர முடியாது?' என்று எழுதினாள். அந்த ஒரு மாற்றம் எங்கள் பயணத்தின் போக்கையே மாற்றியது. எண்ணிக்கை எழுதிய இடத்தில் இப்போது பெயர்கள் வந்தன. சென்னை என்று வைத்துக்கொண்டால் அப்பாயி வர முடியாது. பக்கத்து வீட்டுப் பார்வையற்ற பெரியவர் வர முடியாது. இரண்டு நாள் கூலியை இழக்க இயலாத பதினாறு குடும்பங்கள் வர முடியாது. பரங்கிமலை பெண்ணின் ஆசையாயிற்றே என்று தயங்கிய இளைஞரை முந்திக்கொண்டு, அவளே அப்பெயரின்மீது கோடு இழுத்தாள். சாந்தோமின்மீது கோடு இழுக்குமாறு புத்தகத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் சற்று நேரம் வைத்திருந்து, பின் இழுத்தார்.

அடுத்த மாதம் எங்கள் பங்கின் யாத்திரை வண்டியில் வேளாங்கண்ணி சென்றோம். நாகப்பட்டினத்திற்குத் தெற்கே 12 கிலோமீட்டர் தொலைவு. 1962-இல் இருபத்துமூன்றாம் யோவான் பசிலிக்காவாக உயர்த்திய திருத்தலம். 2010-இல் நாகப்பட்டினத்திலிருந்து இரயில் பாதையும் வந்துவிட்டது. ஆகஸ்டு 29-இல் கொடியேறி செப்டம்பர் 8-இல் நிறைவுறும் திருவிழாவின்போது மணலைப் போடக் கீழே விழாத கூட்டம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் இக்கரையில் திருப்பயணிகள் பலர் மாண்டனர்; அதனை நினைக்காமல் இங்குக் கடலைப் பார்க்க என்னால் இயல்வதில்லை.

இளைஞர் நான்கு வயதில் கடுங்காய்ச்சலில் கிடந்தபோது, "பிள்ளை பிழைத்தால் அவன் தாலி கட்டுவது உன் சந்நிதியில்தான்" என்று அவர் தாயார் அன்னையிடம் நேர்ந்துகொண்டிருந்தார். நேர்ச்சை என்றால் சிறிய காரியம் அன்று. கூட்டத்தின் நடுவே நின்று அவர் என்னிடம் கேட்டார்: "ஃபாதர், அம்மாவின் நேர்ச்சை என்னையும் கட்டுமா?" குருமடத்தில் படித்த பாடம் அப்போது உதவிற்று. நேர்ச்சை என்பது ஒருவர் இறைவனுக்கு அறிந்து, விரும்பி அளிக்கும் வாக்கு. அது வாக்களித்தவரை மட்டுமே கட்டும் என்பது திருச்சபைச் சட்டம். தாய் நேர்ந்தது தாயைக் கட்டும், மகனைக் கட்டாது. தனியார் நேர்ச்சையை அதற்கு ஈடான அல்லது அதனினும் மேலான நற்செயலாக நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளலாம். தக்க காரணமிருப்பின் பங்குக் குருவும் விலக்கு அளிக்கலாம். இதனைச் சொல்லிவிட்டு, "சட்டம் உன்னை விடுவிக்கிறது, தம்பி. ஆனால் அம்மாவிடம் சட்டத்தைக் கொண்டுபோய்க் காட்டாதே. அவர்களிடமே கேள்" என்றேன்.

அதற்காகவே தூத்துக்குடிக்குச் சென்றோம். பனிமய மாதா ஆலயத்தைப் பற்றி முத்துக்குளித்துறை மக்களிடம் யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. 1555-இல் மணிலாவிலிருந்து கப்பலில் வந்த திருவுருவம். 1713-இல் எழுந்த கோவில். 1982-இல் பசிலிக்கா என்னும் சிறப்பு. ஆகஸ்டு 5-இல் திருவிழா. சிறப்பு ஆண்டுகளில் உலா வரும் பொன் தேர். தற்காலத்தில் இலத்தீன் வழிபாட்டு முறையில் முதல் இந்திய ஆயராகிய பிரான்சிஸ் திபூர்சியுஸ் ரோச் ஆண்டகையை 1923-இல் பெற்ற மறைமாவட்டமும் இதுவே. கோவிலில் நிற்கும்போது கடற்காற்று உள்ளே வருகிறது. அந்த மண்ணின் பிள்ளை அங்கேயே மணமுடிக்கவேண்டும் என்று சித்தப்பா சொன்னதில் நியாயம் இல்லாமற்போகவில்லை. "மாப்பிள்ளை வீட்டார் ஊர்விட்டு ஊர் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா?" என்றார்.

நோட்டுப் புத்தகத்தை அங்கும் விரித்தனர். நேர்மையாகப் பார்த்தால், கேள்வி இருபுறமும் வெட்டியது. எங்கள் ஊரில் திருமணம் என்றால் தூத்துக்குடியில் வர முடியாதவர் இல்லையா? உண்டு. படுத்த படுக்கையாயிருந்த பெரியம்மா ஒருவர்; அன்றாடம் கடலுக்குச் செல்லும் உறவினர் பலர். அப்பெயர்களைப் பெண்தான் முதலில் எழுதினாள். அவள் அப்படி எழுதியதைக் கண்டு சித்தப்பாவின் குரல் தணிந்தது.

பிறகு அவரே ஒரு வழி காட்டினார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் நம் கிழக்குக் கரையில் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. மீன்வளம் பெருகுவதற்காக அரசு விதித்த தடை. "மே மாதம் என்றால் எங்கள் பையன்கள் கரையில்தான் இருப்பார்கள். வருமானம் இல்லாத காலம், பேருந்துச் செலவை நாம் பார்த்துக்கொண்டால் எல்லாரும் வந்துவிடுவார்கள்" என்றார். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறப்பது மரபு. அதற்குமுன் எங்கள் பக்கத்து வயல்களிலும் வேலை குறைவு. தவக்காலமும் பாஸ்காவும் முடிந்திருக்கும். கடலுக்கும் வயலுக்கும் ஒருங்கே ஓய்வான மாதம் மே என்பதை அன்றுதான் இரு வீட்டாரும் கண்டுகொண்டனர்.

எஞ்சியிருந்தது தாயாரின் மனம். மகன் ஒன்றும் மறைக்காமல் சொன்னார். மருமகளாக வரவிருந்தவள் அருகிலமர்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். தாயார் உடனே மறுமொழி சொல்லவில்லை. மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பின்னர்த் தம் பங்குக் குருவிடம் நெடுநேரம் பேசிவிட்டு வந்தார். "தாலி கட்டிய கையோடு இரண்டு பேரும் என்னோடு அன்னையிடம் வரவேண்டும். அன்று நூறு ஏழைகளுக்கு என் கையால் சோறு போடவேண்டும். கடனில்லாமல் நடக்கும் கலியாணத்தில் மிச்சமாகிற பணம் அதற்கு ஆகட்டும்" என்றார். நேர்ந்தவரே நேர்ச்சையை மாற்றிக்கொண்டார். அவர் முகத்தில் வருத்தம் சிறிது இருந்தது. அதனை நான் இல்லை என்று சொல்லமாட்டேன்.

எங்கள் கோவிலைப் பற்றி எழுத அதிகமில்லை. ஓட்டுக்கூரை, இருநூறு பேர் நெருங்கி அமரலாம், மிகுதிப்பேர் வெளியே பந்தலில் நிற்கவேண்டும். பக்கத்தில் பள்ளிக்கூடம், கோடை விடுமுறையில் அதன் கூடமே பந்திக்கூடம். ஒலிபெருக்கி மழைக்காலத்தில் கரகரக்கும். மே மாதத்தில் அந்தத் தொல்லை இல்லை. தூத்துக்குடியிலிருந்து வருவோர் தங்குவதற்குப் பன்னிரண்டு வீடுகள் திண்ணையும் அறையும் ஒழித்துத் தந்தன. என் பங்கு என்பதால் அதனை நான் உயர்த்திப் பேசவில்லை. முடிவு செய்தவர்கள் அவர்கள் இருவருமே. "என் பக்கத்தில் வர முடியாதவர்களிடம் நாங்கள் போய்விடலாம். அப்பாயியின் கண்ணுக்கு இன்னும் எத்தனை மாதம் என்று தெரியாது" என்று இளைஞர் சொன்னதோடு பேச்சு முடிந்தது.

மே மாதத்தில் திருமணம் நடந்தது. இரண்டு பங்குகளிலும் மூன்று ஞாயிறு ஓலை வாசிக்கப்பட்டது. அப்பாயி முதல் வரிசையில் நாற்காலியில் இருந்தார். மந்திரித்த தாலியைக் கட்டுமுன் அவர் கையில் கொடுத்தோம். கண்ணால் காண முடியாததை விரல்களால் தடவிப் பார்த்தார். ஒரு ஏக்கர் நிலம் அடமானத்திற்குப் போகவில்லை. அங்கிருந்து மணமக்களும் தாயாரும் வேளாங்கண்ணி சென்று, நூறு பேருக்கு உணவளித்து, கடற்கரைச் சாலையில் இராமநாதபுரம் வழியாகத் தூத்துக்குடி சேர்ந்தனர். அங்கே பனிமய அன்னையின் பீடத்தின்முன் நன்றித் திருப்பலி. பின்னர், படுத்திருந்த பெரியம்மாவின் கட்டிலருகே மணமக்கள் ஆசி பெற்றனர்.

திருமணத்திற்கு இடம் தேடும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் சில சொற்கள். நாள் குறிப்பதற்கும் மண்டபத்திற்கு முன்பணம் கட்டுவதற்கும் முன்னரே, குறைந்தது ஆறு மாதம் இருக்கும்போதே, உங்கள் பங்குக் குருவைப் பாருங்கள். அண்மையில் பெற்ற திருமுழுக்குச் சான்று, உறுதிப்பூசுதல் சான்று, திருமணத் தயாரிப்பு வகுப்பின் சான்று ஆகியவற்றை ஒழுங்கு செய்யுங்கள். வேறு கோவில் என்றால் அனுமதிக் கடிதம் கேளுங்கள். அந்தக் கோவிலில் அதே நாளில் வேறு திருமணம் உண்டா, எவ்வளவு நேரம் கிடைக்கும், யார் மந்திரிப்பார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதியோர் ஏறவேண்டிய படிகளை எண்ணுங்கள். குடிநீரும் கழிப்பறையும் எங்கே என்று பாருங்கள். கடன் வாங்கித்தான் நடக்கும் என்றால், அந்தக் கடன் யார் தலையில், எத்தனை ஆண்டு என்று வெளிப்படையாகப் பேசுங்கள். இருவரும் சேர்ந்தே சென்று பாருங்கள். ஒருவர் ஆசைப்பட்டதை மற்றவர் அடிக்காதபடி, அவரவர் கையாலேயே கோடு இழுக்க விடுங்கள். இல்லறத்தில் இருவரும் சேர்ந்து எடுக்கப்போகும் முடிவுகளுக்கெல்லாம் இது முதற்பாடம். நகரத்துப் பேராலயத்தில் மணப்பதில் குறையொன்றுமில்லை. உங்கள் வாழ்வும் உங்கள் மனிதரும் அங்கே இருப்பின், அதுவே உங்கள் இடம்.

எந்தக் கோவிலில் மணந்தாலும் ஒன்று நிச்சயம். திருமணம் நடந்த பங்கிலிருந்து, மணமக்கள் ஒவ்வொருவரும் திருமுழுக்குப் பெற்ற பங்கிற்கு அறிவிப்பு அனுப்பப்படும். அங்குள்ள திருமுழுக்குப் பதிவேட்டில், அவரவர் பெயருக்கு எதிரே திருமணக் குறிப்பு எழுதப்படும். தூத்துக்குடிக்கு அனுப்பவேண்டிய அறிவிப்பை நான் அன்று மாலையே அஞ்சலில் சேர்த்தேன். பெண்ணின் குறிப்புக்கு அஞ்சல்தலை தேவைப்படவில்லை. சாக்கிறிஸ்து அலமாரியைத் திறந்து, அவள் பிறந்த ஆண்டின் ஏட்டை எடுத்து, அவள் பெயருக்கு நேரே எழுதினேன்.